தகவல் சொன்னவர்

மண்ணூர்த் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டி நான் நெடுஞ்சாலைக்குப் பாதி தூரம் வந்த பிறகும் முத்துராஜ் பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் திரும்பவில்லை. அப்போது நான் நடந்த நடையில், ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்புவது சிரமம். முன்பாதம் தானாக மேலே எழாது. முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கிறவன்போல ஒவ்வொரு காலாக உயர்த்தி வைக்க வேண்டும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஆஸ்பத்திரிக் காகிதங்கள். திரும்பாததற்குக் கால் ஒரு காரணம். திரும்பிப் பார்த்தால் இரக்கப்பட்டுவிடுவேன் என்ற பயம் இன்னொரு காரணம். எட்டு வயதிலிருந்து பார்த்த முகம் அது.

நெடுஞ்சாலைக்கு வர அரை மணி நேரம் ஆனது. முன்பு ஏழு நிமிடத்தில் வந்துவிடுவேன்.

என்ன நடந்தது என்பதை நான் வேலை பார்த்தது மாதிரியான அறைகளில் இருக்கிற யாராவது படிக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில் வடக்கே போனேன். கேரளத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தேன். திருப்பூரில் சாயத்தில் துணி நனைத்தேன். ஓர் இடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. முத்துராஜ் என் பக்கத்துத் தெரு. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவன் பன்னிரண்டாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு சின்ன கம்பெனியில் லைன் லீடர் ஆகியிருந்தான். அவன்தான் போன் செய்து கூப்பிட்டான். ஏ.சி. அறை, கம்பெனி பஸ், மத்தியானச் சாப்பாடு. "எத்தனை நாளுக்குல இப்படி ஊர் ஊராச் சுத்துவ, வந்து ஒரு எடத்துல உக்காருல," என்றான். மண்ணூரில் அவனுடைய வாடகை அறையிலேயே எனக்கும் இடம் கொடுத்தான்.

கார்களின் முன்பக்கத்தில் வேகமும் பெட்ரோல் அளவும் காட்டுகிற கண்ணாடித் தகடு இருக்கிறது அல்லவா, அதைச் சட்டத்தில் ஒட்டி அனுப்புவதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. ஒட்டிய பிறகு ஓரத்தில் பசை பிதுங்கும். அதைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். எங்கள் அறையில் ஏழு பேர். நாள் முழுக்க அதுதான் வேலை. மேசையில் ஆளுக்கொரு வெள்ளை பாட்டில் இருக்கும். துணியை அதன் தலையில் வைத்து அழுத்தினால் கொஞ்சம் திரவம் ஊறும். பாட்டிலில் ஐ.பி.ஏ. என்று ஸ்டிக்கர். ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தடவுகிறார்களே, அந்த ஸ்பிரிட்டுக்கு நெருங்கிய ஜாதி.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் திரவம் மாறியது. பாட்டில் அதே பாட்டில், ஸ்டிக்கர் அதே ஸ்டிக்கர். உள்ளே இருந்தது வேறு. முன்பு இருந்ததைவிட நெடி குறைவு. கண் எரியவில்லை. துடைத்த கணமே காய்ந்தது. பசை வெண்ணெய்போல வந்தது. பீஸ் எண்ணிக்கை ஏறியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். நெடி குறைவாக இருந்தால் கெடுதலும் குறைவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஷிப்ட் முடிந்ததும் கையில் ஒட்டிய பசையைக்கூட அதை ஊற்றித்தான் கழுவினோம்.

முத்துராஜ் தீயைப் பற்றி எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தான். திரவம் மாறிய முதல் நாளே எங்களை வெளியே அழைத்துப் போய், சிமெண்ட் தரையில் ஒரு மூடி அளவு ஊற்றினான். நான்கு அடி தள்ளி ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தரையோரம் காட்டினான். தீ குச்சியிலிருந்து தரையோடு ஓடி ஊற்றிய இடத்துக்குப் போனது. இதன் ஆவி காற்றைவிடக் கனம், கண்ணுக்குத் தெரியாமல் தரையில் படுத்திருக்கும், ஒரு பொறி போதும் என்று விளக்கினான். அறைக்குள் செல்போன் கூடாது என்றான். பின்புறக் கொட்டகையில் டிரம்மிலிருந்து ஊற்றும்போது டிரம்முக்கும் தரைக்கும் ஒரு செம்புக் கம்பியை இணைத்துவிட்டுத்தான் திறப்பான்; ஊற்றும்போது உண்டாகும் மின்சாரம் பொறியாகிவிடாமல் இருக்க. இவ்வளவு கவனமாக இருக்கிறவன் வேறு ஆபத்து இருந்தால் சொல்லாமல் இருப்பானா? யாரும் எதையும் கேட்கவில்லை.

ஊற்றும்போது அவன் ஒரு முகமூடி போட்டுக்கொள்வான். இரண்டு கன்னத்திலும் உருண்டையாக டப்பா வைத்த ரப்பர் முகமூடி. அறைக்குள் வருமுன் கழற்றிவிடுவான். ஒருமுறை கேட்டதற்கு, தனக்கு சைனஸ் என்றான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அறையின் சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறிகள் இரண்டு இருந்தன. அந்த வருடம் வெளியே சாலை அகலப்படுத்தினார்கள். விசிறிச் சந்து வழியாகத் தூசி உள்ளே வந்து ஈரப் பசையில் உட்கார்ந்தது. பீஸ் எல்லாம் ரிஜெக்ட். நான்தான் அட்டைப்பெட்டியைக் கிழித்து, இரண்டு விசிறிகளையும் மூடி டேப் ஒட்டினேன். தூசி நின்றது, ஏ.சி. குளிரும் வெளியே போகாமல் நின்றது. முத்துராஜ் என் தோளில் தட்டினான். அந்த மாதம் சிறந்த தொழிலாளி என்று பலகையில் என் பெயர் எழுதினார்கள். என் பெயர் பலகையில் ஏறியது அது ஒரு தடவைதான்.

ஆறு மாதத்துக்கு அப்புறம் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அறைக்கு நடந்து வந்தேன். வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ஒத்தச் செருப்போட வர்ற?" என்றார். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெறுங்காலோடு ஜல்லியில் நடந்ததும் தெரியவில்லை. பாதத்தில் ரத்தம் இருந்தது, வலி இல்லை. அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு மாடிப்படியில் விரல் தட்டி விழுந்தேன். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். முத்துராஜ் பைக்கில் ஏற்றி சுங்குவார்சத்திரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சர்க்கரை இல்லை. வைட்டமின் குறைவாக இருக்கும் என்று நாலு நாள் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டையைக் காட்டுவோம் என்றேன். அலைய விடுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவனே பில்லைக் கட்டினான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது.

நாலாம் நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவன் எழ முடியவில்லை. ஆம்புலன்ஸில் சென்னைக்கு, ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே வரிசையில் விட்டுவிட்டு, முத்துராஜ் டாக்டரிடம் பேசப் போனான். எனக்கு என்ன ஆனது என்று என்னைவிட அவன் கோர்வையாகச் சொல்வான். அதனால் எனக்கு அது நல்லதாகவே பட்டது.

நரம்பு வார்டில் என் கட்டில் ஜன்னல் ஓரம். பக்கத்துக் கட்டிலில் கோவிந்தன் என்று ஒருவர். ஒரகடம் சாலையில் லாரி எடைமேடை வைத்திருக்கிறவர். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்திருந்தது, வாய் விழவில்லை. யார் வந்தாலும் வம்பு பேசுவார்.

நரம்பு வேகம் பார்க்கும் சோதனை முதலில். காலில் ஓர் இடத்தில் சிறு மின்சாரம் கொடுப்பார்கள், அது இன்னோர் இடத்துக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று திரையில் பார்ப்பார்கள். சுண்டிவிட்டதுபோல இருக்கும். எனக்கு முழங்காலுக்குக் கீழே அந்தச் சுண்டலும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்தது முதுகுத்தண்டில் ஊசி விட்டுத் தண்ணீர் எடுப்பது. பக்கவாட்டில் படுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, இறாலைப்போலச் சுருண்டுகொள்ள வேண்டும். வலி பெரிதில்லை. ஆனால் மறுநாள் முழுக்கத் தலையைத் தூக்க முடியவில்லை.

வேலையை விட்டு வந்துவிட்டேன், இனிக் குறையும் என்று நினைத்திருந்தேன். கூடியது. பாதத்தில் இருந்த மரப்பு முழங்காலுக்கு ஏறியது. விரல்களில் இருந்தது மணிக்கட்டுக்கு வந்தது. இது இப்படியே ஏறி மூச்சுக்கு வந்தால் என்ன செய்வது என்று படுத்தபடியே என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன்.

டாக்டர்கள் வந்தால் ஒரே கேள்வி. எவ்வளவு குடிப்பாய்? சம்பளம் வந்தால், தீபாவளி வந்தால், என்பேன். தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொள்வார்கள். குடியை விடுவதற்குப் புத்தி சொல்கிற ஒருவர் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார். கோவிந்தன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "குடிக்காமலே குடிகாரன் வியாதி வாங்கினு வந்த மொத ஆளு நீதாம்பா," என்றார்.

அக்கா ஊரிலிருந்து வந்தாள். எனக்கு அவள் ஒருத்திதான். வந்ததும் என் கட்டிலில் உட்காரவில்லை; நின்றபடியே கேட்டாள். "குடிச்சிக் குடிச்சித்தான் காலு போச்சாம்லா? முத்துராசு எல்லாம் சொன்னான்." இல்லை அக்கா என்றேன். "அவனா பொய் சொல்லுவான்? அவன்லா ஒனக்குப் பீ மூத்திரம் அள்ளிருக்கான்." அது உண்மைதான். சுங்குவார்சத்திரத்தில் அள்ளியிருக்கிறான். இங்கும் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வந்து, இட்லியைப் பிட்டு வாயில் ஊட்டிவிட்டுப் போவான். அக்கா என் கையில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டி, இனி தொட மாட்டேன் என்று சொல்லவைத்தாள். அவள் சொன்னபடியே சொன்னேன். என் கூடப் பிறந்தவளே நம்பாதபோது, ஒருவேளை நான்தான் கணக்குத் தப்பிக் குடித்திருக்கிறேனோ என்றுகூட யோசித்தேன்.

ஆறாவது வாரம் ஸ்டெல்லா பார்க்க வந்தாள். எங்கள் அறையில் எனக்கு அடுத்த மேசை அவளுக்கு, மண்ணூர்க்காரி. திராட்சையும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தாள். பையை மேசையில் வைக்கும்போது நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி நழுவியது.

"எனுக்கும் வெரலு மரமரன்னு கீதுண்ணா," என்றாள். "ஜாக்கெட்டு கொக்கி மாட்ட முடில. எங்க வூட்டுக்காரரு ரத்தம் இல்லன்னு சொல்லிக்கினு கீறாரு."

அடுத்த கட்டிலில் கோவிந்தனுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பினார். பயிற்சியில் இருந்த சின்ன வயதுப் பெண். ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து, விரல்களை விரிக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"ஒரே லைன் மேடம். ஒரே ரூம்ல தொடைக்கிறோம்."

"எதால துடைக்கிறீங்க?"

"ஐ.பி.ஏ."

டாக்டரம்மா என் காகிதக் கட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தில் நின்றார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் எங்களுக்குப் படித்துக் காட்டினார். பத்து வருடமாகத் தினமும் குடிப்பவர். வேலை, பேக்கிங். கெமிக்கல் எதையும் தொடுவதில்லை. நோயாளி பற்றித் தகவல் சொன்னவர், நண்பர் முத்துராஜ்.

நோயாளியால் சொல்ல முடியாதபோது அவருக்காக யார் சொன்னார்கள் என்று எழுத முதல் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதில் சொன்னதை நம்பித்தான் பிறகு எல்லாம் நடக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் எக்ஸ்ரே வரிசையில் இருந்தேன்.

ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐ.பி.ஏ. நரம்பை இப்படிக் கெடுக்காது என்றார் டாக்டரம்மா. வேறு ஏதோ இருக்கிறது. பெயர் தெரியாமல் கம்பெனிக்கு எழுதினால் அவர்கள் ஐ.பி.ஏ. பில்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெயர் வேண்டும். காற்று வெளியே போக வழி இருந்ததா என்று கேட்டார். இருந்தது, நான்தான் அடைத்தேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் இட்லியோடு வந்தான். ஊட்ட வந்தபோது நான் இட்லிக்கு வாயைத் திறக்கவில்லை. பேக்கிங் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். தூக்கை மூடினான்.

"கெமிக்கல்னு ஒரு வார்த்தை வந்தா பெரிய கம்பெனிக்காரன் ஆர்டரை நிறுத்திருவான்ல. முப்பது பேரு வேலை. மேனேசரு என்னையக் கூப்பிட்டு, நீதான கூட்டியாந்த, நீயே பாத்துக்கோன்னுட்டாரு. நான் உன்னையப் பாத்துக்கிடலியா? ஒருநாள் உட்டனா?"

"அதுக்குப் பேரு என்ன?"

"எனக்கு எப்படில தெரியும்."

"மூஞ்சிக்கு மாட்டுனது எதுக்கு?"

தூக்கின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினான். சைனஸ் என்றுகூட மறுபடி சொல்லவில்லை. அதில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவனுக்கு அது மூச்சுக்கு ஆகாது என்று முதல் நாளிலிருந்து தெரியும். ஒரு முகமூடிதான் இருந்தது, அதை அவன் போட்டுக்கொண்டான். எனக்கு வந்த கோபம் அதைப் பற்றிக்கூட இல்லை. ஆறு வாரம் தப்பான வைத்தியம் நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபடி இட்லி ஊட்டினானே, அந்தக் கையைப் பற்றி. ரூமில் இன்னும் ஆறு பேர் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள், பெயரையாவது சொல் என்று கேட்டேன். தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் இருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. மறுநாள் என் காப்பீட்டு அட்டையையும் மாற்றுத் துணியையும் எடுத்துவருவதாக மண்ணூருக்குப் போனாள். முத்துராஜ் ஷிப்டில் இருக்கும் நேரம். வீட்டுக்காரம்மா சாவி கொடுத்தார். அக்கா எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் குளியலறையைத் தேய்த்துக் கழுவாமல் குளிக்க மாட்டாள். எங்கள் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு நீல டிரம் இருந்தது. கம்பெனியில் காலியானதை முத்துராஜ் கொண்டுவந்து போட்டது. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் தண்ணீருக்கு இப்படிப்பட்ட டிரம்தான். முன்பக்க லேபிளைப் பிளேடால் சுரண்டியிருந்தான். அக்கா தண்ணீரைக் கொட்டி டிரம்மை நகர்த்தியபோது, சுவர்ப்பக்கம் இன்னொரு லேபிள் அப்படியே இருந்தது.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. படங்களைப் பார்த்தாள். போனில் படம் எடுத்து, எடுத்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். வார்டுக்குள் வரும்போதே மூச்சு வாங்கியது.

"நெருப்பு எரியுது. மீனு செத்துக் கெடக்கு, மரம் பட்டுப்போயி நிக்கி. இங்க பாருல, ஒரு ஆளு நெஞ்சு வெடிச்சி நிக்கான். இதுலதான் ஒன்னையக் குளிக்க வச்சிருக்கான், பாவி."

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். ஹெக்சேன். அதன் பெயர் அதுதான். பெட்ரோலிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு திரவம். பசையைக் கரைக்கும், நொடியில் ஆவியாகும். ஆவி மூச்சில் போகிறது, கொஞ்சம் தோல் வழியாகவும் போகிறது. உடம்புக்குள் அது வேறொரு பொருளாக மாறி, நரம்புகளை உள்ளே வீங்கவைத்துக் கெடுக்கிறது. மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது. அதனால் அது முதலில் சாகிறது, பிறகு கை. முறிக்க மருந்து கிடையாது. அதை விட்டு விலகுவதுதான் மருந்து. விலகிய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிவிட்டுத்தான் நிற்கும், பிறகு மெதுவாகத் திரும்பும், எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. மூச்சை எண்ண வேண்டாம் என்றார். நான் எண்ணுவதை எப்படிக் கவனித்தார் என்று தெரியவில்லை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். மத்தியான இடைவேளையில் எடுத்தாள். பெயரைச் சொன்னேன், இரண்டு முறை சொல்லச் சொன்னாள். மாலையில் அவளே கூப்பிட்டாள். "ஃபேன மூடியிருந்த அட்டைய கிய்ச்சிப் போட்டுட்டேண்ணா. எல்லாரையும் வெளிய கூட்டினு வந்துட்டேன். மேனேஜர் இன்னா இன்னான்னு கத்தினு கீறான், கத்தட்டும்." ஏழு பேரில் நாலு பேருக்கு நரம்பு சோதனையில் கோளாறு தெரிந்தது. என் அளவுக்கு யாருக்கும் முற்றவில்லை. தொழிலால் வந்த நோயை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் படிவத்தில் டாக்டரம்மா எழுதி அனுப்பினார். விசாரிக்க ஆள் வருவதற்குள் கொட்டகையிலிருந்த டிரம்கள் போய்விட்டன. எங்கள் குளியலறை டிரம்மை மட்டும் ஸ்டெல்லாவின் புருஷன் ஆட்டோவில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அக்கா என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் என் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு என் பத்து விரல் நகத்தையும் வெட்டிவிட்டாள். என் கை அவள் மடியில் இருந்தது. எனக்கு அவள் தொடுவது பாதிதான் தெரிந்தது.

மூன்றாம் மாதம் ஏறுவது நின்றது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்க பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். கம்பிகளைப் பிடித்து நடக்கப் பழகினேன். களிமண் உருண்டையைப் பிசைந்தேன், பென்சில் பிடித்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கோவிந்தன் ஏற்கெனவே டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டிருந்தார். போகுமுன், உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டுமென்றால் எடைமேடைக்கு வா என்று சொல்லியிருந்தார். அக்கா ஊருக்குக் கூப்பிட்டாள். மச்சான் ஒன்றும் சொல்ல மாட்டார்தான், ஆனால் இரண்டு அறை வீடு. அங்கே போய்ப் படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

மண்ணூருக்கு என் துணிமணிக்காகத்தான் போனேன். முத்துராஜ் இருந்தான். உட்காரச் சொல்லி டீ வாங்கி வந்தான். இளைத்திருந்தான். மேசை மேல் ஒரு காகிதம் விரித்தான். தட்டச்சு செய்த தமிழ். நான் சேர்ந்த நாளிலிருந்து பேக்கிங்கில்தான் இருந்தேன், துடைக்கும் அறைக்குள் போனதே இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் கேட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை, நிரந்தரம்.

"ஒன்னையப் போல காலு உள்ளவனுக்கு வேற எவன்ல நிரந்தரம் குடுப்பான்? மேனேசரு காலப் பிடிச்சி வாங்கிருக்கேன்."

மேனேஜர் காலை அவன் பிடித்திருப்பான் என்பதை நான் நம்பினேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் எனக்காகச் செய்த நல்லது ஒவ்வொன்றிலும் இந்தக் காகிதம் அடியில் இருந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால், ஸ்டெல்லாவும் மற்றவர்களும் சொல்வது பொய் என்று ஆகும். முதலில் விழுந்தவனே பேக்கிங் என்றால் அப்புறம் யார் நம்புவார்கள்?

"உனக்கு விரல் மரத்துக் கெடக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான்.

"இருக்காது," என்றேன். "நீ மூஞ்சிக்குப் போட்டுருந்தியே."

பேனா மேசை மேலேயே இருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படி இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்க வேண்டும். அவன் பிடிக்க வந்தான். வேண்டாம் என்றேன். அப்படித்தான் தெருவில் கூப்பிட்டுக்கொண்டு நின்றான்.

நெடுஞ்சாலையில் பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரகடம். கோவிந்தன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து புரிகிற மாதிரி இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னார். இரவு அங்கேயே படுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். லாரி தட்டின் மேல் ஏறி நிற்கும். எடை தானாகத் திரையில் வரும். நான் சீட்டில் லாரி எண், டிரைவர் பெயர், சரக்கு, எடை எழுதிக் கொடுக்க வேண்டும். ஜல்லி, இரும்புத் தகடு, ஜல்லி, பழைய அட்டை. பேனாவை மூன்று விரலால் பிடிக்க முடியாமல் முஷ்டியில் வைத்து எழுதினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ வந்தது ஒரு சின்ன லாரி. பின்னால் நீல டிரம்கள், தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் கையை நீட்டினார்.

"இன்னா சரக்கு?" என்று நான் கேட்டேன். அந்த ஊர்ப் பேச்சு என்னையறியாமல் வந்துவிட்டது.

"லிக்விடுன்னு போட்டுக்கோண்ணா."

"என்ன லிக்விடு?"

"கம்பெனிக்குப் போற லிக்விடுதான். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. குடுண்ணா, பின்னால வண்டி நிக்குது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். சரக்கு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். டிரைவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முணுமுணுத்தபடி வண்டிக்குள் ஏறி, டேஷ்போர்டுக்குள் பில்லைத் தேட ஆரம்பித்தார்.